பச்சைப் பாம்பு ஒன்று அல்ல

எங்கள் வீட்டுப் புறவாசலில், கிணற்றை ஒட்டி ஒரு மருதாணிச் செடி நின்றது. பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் இலை உருவப் போனேன். கொப்பு ஒன்றைப் பிடிக்கக் கையை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் பிடிக்கப் போனது கொப்பு இல்லை. அதன் நுனியில் இரண்டு கண்கள் இருந்தன.

"ஏல, கிட்ட போவாத! கண்ணக் கொத்திரும்!" என்று ஆச்சி அடுப்படியில் இருந்து சத்தம் போட்டாள். நான் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. நாக்கை வெளியே நீட்டி, உள்ளே இழுக்காமல் அப்படியே வைத்திருந்தது. காற்றடித்தபோது செடியோடு சேர்ந்து ஆடியது. காற்று நின்றதும் அதுவும் நின்றது. அரைமணி நேரம் அங்கேயே இருந்திருப்பேன். என் கண்ணை அது கொத்தவில்லை.

அன்றிலிருந்து இந்தப் பாம்பின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு. யாரையாவது விடாமல் கவனிக்கிறவர்களை "கண்கொத்திப் பாம்பு மாதிரி பாத்துக்கிட்டே இருக்கா" என்கிறோம். அந்தக் கண்கொத்திப் பாம்பு இதுதான். பச்சைப் பாம்பு என்றாலும் இதுதான். ஆனால் "இது" என்று ஒருமையில் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. நாம் ஒரே பெயரில் கூப்பிட்டு வந்தது ஒரு பாம்பு அல்ல, ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு அறிவியலில் ஒரு பேரினம் என்று பெயர். பேரினம் என்றால் என்ன, சிற்றினம் என்றால் என்ன என்பதை இந்தப் பச்சைப் பாம்பை வைத்தே பார்த்துவிடலாம்.

சமையலறையில் ஒரு பேரினம்

பாம்புக்குப் போகும் முன் கத்தரிச் செடிக்குப் போவோம். கத்தரிப் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஊதா நிறத்தில் ஐந்து முனை உள்ள நட்சத்திரம், நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு. அடுத்து மணத்தக்காளிப் பூ. நிறம் வெள்ளை, அளவு மிகச் சிறியது, ஆனால் அதே நட்சத்திரம், அதே மஞ்சள் கூம்பு. சுண்டைக்காய், தூதுவளை, கண்டங்கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு என்று எதை எடுத்தாலும் பூவின் அமைப்பு அதேதான். இவை அனைத்தும் 'சொலானம்' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பொதுவான ஒரு மூதாதையிலிருந்து கிளைத்து வந்த நெருங்கிய சொந்தங்கள். கத்தரி ஒரு சிற்றினம், மணத்தக்காளி இன்னொரு சிற்றினம்.

கத்தரியிலேயே நீளம், உருண்டை, வரி, வெள்ளை என்று எத்தனையோ ரகம் உண்டு. அவை தனித்தனிச் சிற்றினங்கள் அல்ல. ஒன்றோடு ஒன்று கலந்து விதை கொடுக்கும், ஒரே சிற்றினத்தின் ரகங்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு மாறுபட்டவை ஒரே சிற்றினமாக இருக்கலாம். பார்வைக்கு ஒன்றாக இருப்பவை வெவ்வேறு சிற்றினங்களாகவும் இருக்கலாம். பச்சைப் பாம்பின் கதையில் நடந்தது இரண்டாவது.

ஒவ்வொரு உயிருக்கும் அறிவியலில் இரண்டு சொல்லால் ஆன பெயர் உண்டு. முதல் சொல் பேரினத்தைச் சொல்லும், இரண்டாவது சிற்றினத்தைச் சொல்லும். பச்சைப் பாம்புகளின் பேரினப் பெயர் 'அஹேட்டுல்லா'. பாம்புக் குடும்பங்களிலேயே பெரியதான கொலுபிரிடே குடும்பத்துக்குள் இது அடங்கும். நம் சாரைப் பாம்பும் அதே குடும்பம்தான். ஆகக் குடும்பத்துக்குள் பேரினம், பேரினத்துக்குள் சிற்றினம்.

பெயரிலேயே கண்

'அஹேட்டுல்லா' என்பது லத்தீன் சொல்லோ கிரேக்கச் சொல்லோ அல்ல. சிங்களச் சொல். கண்ணைக் கொத்துவது, கண்ணைப் பறிப்பது என்று பொருள். இலங்கையில் இருந்த போர்த்துக்கீசியர் ஜோவாவ் ரிபெய்ரோ 1685-இலேயே இந்த நம்பிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். தமிழிலும் சிங்களத்திலும் இந்தப் பாம்புக்குக் கண்ணை வைத்தே பெயர் அமைந்திருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கமும் யாரோ ஓர் ஆச்சி இதே சத்தத்தைப் போட்டிருப்பாள்.

அந்தப் பெயர் போய்ச் சேர்ந்த இடங்கள் விசித்திரமானவை. உயிரினங்களுக்கு இருசொல் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ், 1758-இல் ஒரு பாம்புக்கு இந்தச் சிங்களச் சொல்லைச் சிற்றினப் பெயராக வைத்தார். அந்தப் பெயர் இன்று நிற்பது அமெரிக்கக் கண்டத்துக் காடுகளில் வாழும் ஒரு பச்சைப் பாம்பின் மேல். இலங்கையை ஒருநாளும் பார்த்திராத பாம்பு சிங்களப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. பிறகு 1807-இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் லிங்க் இதே சொல்லைப் பேரினப் பெயராக்கினார். அதன் பின்னும் வெகுகாலம் எந்தப் பாம்புக் கூட்டத்துக்கு இந்தப் பெயர் உரியது என்ற குழப்பம் நீடித்தது. பழைய நூல்களில் நம் பச்சைப் பாம்பு 'டிரையோஃபிஸ்' என்ற வேறு பேரினப் பெயரில் இருக்கும். படித்துக் குழம்ப வேண்டாம், பாம்பு அதேதான்.

கொத்தும் கண் அல்ல, குறிபார்க்கும் கண்

பெயர் தப்பு. ஆனால் பெயர் வைத்தவர்கள் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பேரினத்தின் சிறப்பு முழுக்கக் கண்ணில்தான் இருக்கிறது.

அதன் முகத்தை நேர் எதிரே இருந்து பாருங்கள். படத்தில் பார்த்தாலும் போதும். நம் கண்ணின் பாவை வட்டம். பூனையின் பாவை பகலில் செங்குத்துக் கீற்றாகும். விரியன் பாம்புகளுக்கும் அப்படித்தான். பச்சைப் பாம்பின் பாவையோ படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். அதுவும் ஒரே சீரான கோடாக இல்லாமல், பழைய பூட்டின் சாவித் துவாரத்தைப் படுக்க வைத்தது போல, முன்பக்கம் குறுகி மூக்கை நோக்கி நீளும். பாம்புகளில் மிக அரிதான அமைப்பு இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கண்ணின் முன் ஓரத்திலிருந்து மூக்கு நுனி வரை, முகத்தின் இரு பக்கமும் ஒரு பள்ளம் வாய்க்கால் போல ஓடும். பெரும்பாலான பாம்புகளுக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், இடக்கண் பார்ப்பது ஒன்று, வலக்கண் பார்ப்பது வேறொன்று. இரண்டும் ஒரே பொருளைச் சேர்ந்து பார்க்கும் பகுதி கொஞ்சம்தான். பச்சைப் பாம்புக்கு அந்த வாய்க்கால் பார்வைக்கு வழிவிடுகிறது. கூர்மூக்கு மறைக்காமல் இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் முன்னால் இருப்பதைப் பார்க்க முடிகிறது. விழித்திரையின் பின்பக்கத்தில், முன்னாலிருந்து வரும் ஒளி விழும் இடத்தில், கூர்மையாகப் பார்ப்பதற்கென்றே ஒரு சிறு குழி இருக்கிறது. நம் கண்ணிலும் அப்படி ஒரு குழி உண்டு. இந்த வரியை நீங்கள் இப்போது வாசிப்பது அதனால்தான். பாம்புகளில் அது அபூர்வம்.

இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் என்ன கிடைக்கும்? தூரம் கிடைக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். பச்சைப் பாம்பின் வேலையும் ஊசியில் நூல் கோப்பது மாதிரிதான். அது இருப்பது ஆடுகிற கொப்பில். அதன் இரை, பெரும்பாலும் ஓணான், இருப்பது ஆடுகிற இன்னொரு கொப்பில். இடையில் வெறும் காற்று. தாவிப் பிடிக்க ஒரே வாய்ப்பு. அரை சாண் தவறினால் ஓணான் போயேவிடும். தரையில் ஊர்கிற பாம்பு மோப்பத்தை நம்பி எலி வளைக்குள் நுழையலாம். அந்தரத்தில் வேட்டையாடுகிறதற்குக் கண்தான் துணை. அதனால்தான் இது பகலில் மட்டும் நடமாடும்.

அப்படியானால் கண்ணைக் கொத்தும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவது இது. தரையில் கிடக்கும் பாம்பை மிதித்தால் காலில் கடிக்கும். இது செடியில், நம் முகத்துக்கு நேரான உயரத்தில் இருக்கும். இலை பறிக்கவோ பூப் பறிக்கவோ குனியும்போது நம் உடம்பில் அதற்கு அருகில் இருப்பது முகம். மிரண்டு தலையை வீசினால் முகத்தை நோக்கித்தான் வரும். போதாததற்கு ஊசி போன்ற மூக்கு, இமைக்காத கண். பாம்பு எதற்குமே இமை கிடையாது, கண்ணாடி போன்ற ஒரு செதில்தான் கண்ணை மூடியிருக்கும். இவ்வளவும் சேர்ந்தால் ஒரு கதை பிறக்காமல் இருக்குமா?

கடைவாயில் நஞ்சு

"விஷம் உண்டா?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. உண்டு, ஆனால் மனிதரைக் கொல்லும் அளவுக்கு இல்லை.

நாகத்துக்கும் விரியனுக்கும் நச்சுப்பல் வாயின் முன்பக்கம் இருக்கும். ஊசிமருந்துக் குழாய் போல உள்ளே துளை இருக்கும். கடித்த நொடியில் நஞ்சு இறங்கிவிடும். பச்சைப் பாம்புக்கு நச்சுப்பல் மேல்தாடையின் பின்பகுதியில், ஏறக்குறைய கண்ணுக்குக் கீழே இருக்கிறது. பல்லில் துளை இல்லை, வெளிப்பக்கத்தில் ஒரு வரிப்பள்ளம்தான். நஞ்சு அதன் வழியாக வழிந்து இறங்கும். ஆகவே இரையைக் கவ்விப் பிடித்து, கடைவாய் வரை கொண்டுபோய் மென்றால்தான் நஞ்சு வேலை செய்யும்.

இதை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். வேலியோரச் செடியில் ஓர் ஓணானைக் கழுத்தில் கவ்விய பாம்பு, வாலைக் கொப்பில் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. ஓணான் காலை உதைத்தது, வாலை வீசியது. பாம்பு அசையவே இல்லை, தாடையை மட்டும் மெல்ல மெல்ல நகர்த்தியது. சில நிமிடங்களில் உதைப்பு தளர்ந்தது. பிறகு ஓணானைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கத் தொடங்கியது. பென்சில் தடிமன் கழுத்து, அதைவிடப் பல மடங்கு அகலமான ஓணான். கழுத்து விரிந்தபோது பச்சைச் செதில்கள் விலகி, இடையில் இருந்த தோல் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிந்தது. மிரட்டும்போதும் இதையே செய்யும். கழுத்தை உப்பவைத்து வாயைப் பிளந்தால், அதுவரை இலையாக இருந்தது சட்டென்று வரிபோட்ட வேறொரு பிராணியாகிவிடும்.

மனிதரைக் கடித்தால் கடிவாயில் வலி, வீக்கம், கொஞ்சம் மரத்துப்போதல் ஏற்படலாம். சில நாளில் தணிந்துவிடும். இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. பச்சைப் பாம்புக் கடிக்கு அந்த மருந்து தேவைப்படுவதில்லை. ஆனாலும் கடித்தது எது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாதபோது மருத்துவமனைக்குப் போவதுதான் சரி. கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம்.

கடைவாய் நஞ்சு என்றாலே சாதுவானது என்று பொதுவாக முடிவு கட்டிவிடவும் கூடாது. ஆப்பிரிக்காவில் இதே போல மெலிந்து நீண்ட கொடிப்பாம்புகள் உண்டு. பாவையும் படுக்கைவாட்டில்தான். 1975-இல் ஜெர்மானிய ஊர்வன அறிஞர் ராபர்ட் மெர்ட்டன்ஸ் இறந்தது தான் வளர்த்த அந்த வகைப் பாம்பு கடித்துத்தான். அவை வேறு பேரினம். உருவம் ஒத்துப்போவதால் உறவாகிவிடாது. கொப்பில் வாழ்ந்து, கண்ணால் வேட்டையாடும் பாம்பு எந்தக் கண்டத்தில் இருந்தாலும் கொடி போன்ற உடம்பை நோக்கியே போகிறது. அமெரிக்காவிலும் இப்படித் தனியாக ஒரு பேரினம் உருவாகியிருக்கிறது. பேரினம் என்ற சொல் வெறும் தோற்றத்தைக் குறிப்பதில்லை, வம்சத்தைக் குறிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஒன்று பலவான கதை

இந்தியப் பச்சைப் பாம்பு என்றால் 'அஹேட்டுல்லா நாசுட்டா' என்றே புத்தகங்கள் நெடுநாளாகச் சொல்லி வந்தன. 'நாசுட்டா' என்றால் பெருமூக்கு உடையது. இலங்கை, சென்னை, குடகு, மும்பை என்று எங்கே பச்சைப் பாம்பைப் பிடித்தாலும் அதே பெயர்தான்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அசோக் குமார் மல்லிக்கும் உடன் ஆய்வு செய்தவர்களும் தீபகற்ப இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து பச்சைப் பாம்புகளைச் சேகரித்தார்கள். செதில்களை எண்ணினார்கள், மூக்கை அளந்தார்கள், மரபணுவை ஒப்பிட்டார்கள். 2020-இல் வெளியான முடிவு, ஒன்று என்று நினைத்ததைப் பலவாகப் பிரித்தது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிந்தவை மரபணுவில் வெகுகாலமாகப் பிரிந்தே இருந்திருக்கின்றன. அந்த ஓர் ஆய்விலேயே ஐந்து புதிய சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பழைய பெயர்களில் சில மீட்டெடுக்கப்பட்டன.

இன்று கணக்கு இப்படி நிற்கிறது. 'நாசுட்டா' என்ற பெயர் இலங்கைப் பாம்புக்கு மட்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில், வேலியிலும் வயற்காட்டிலும் வீட்டுத் தோட்டத்திலும் நாம் பார்க்கும் நீளமூக்குப் பச்சைப் பாம்பு 'அஹேட்டுல்லா ஆக்ஸிரிங்கா'. கிரேக்கத்தில் கூர்மூக்கு என்று பொருள். 1825-இலேயே ஆங்கிலேய விலங்கியலாளர் தாமஸ் பெல் வைத்த பெயர், நடுவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. எங்கள் மருதாணிச் செடியில் இருந்தது இதுதான் என்று நான் தெரிந்துகொள்ள இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் 'மலபாரிக்கா', 'ஃபார்ன்ஸ்வர்தி', 'இசபெல்லினா', வடக்கே 'போரியாலிஸ்' என்று தனித்தனியாக இருக்கின்றன. பழுப்பு நிறத்தில், தூசி படிந்த காய்ந்த குச்சி போல ஒன்று உண்டு. அதிலும் இலங்கையில் இருப்பது ஒன்று, இந்தியாவில் இருப்பது 'சகியாத்ரென்சிஸ்' என்ற மற்றொன்று என்று பிரித்துவிட்டார்கள்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி மலையுச்சிப் பச்சைப் பாம்புகள். சமவெளிப் பாம்பைப் போல நீளமூக்கு இவற்றுக்கு இல்லை, மழுங்கிய குட்டைமூக்கு. உடம்பும் சிறியது. உயர்ந்த மரங்களைவிடச் சோலைக்காட்டு ஓரப் புதர்களிலும் புல்வெளியிலும் தாழ்வாகத் திரியும். இந்த வகையில் மூன்று சிற்றினங்கள். நீலகிரியில் இருப்பது 'பெரோத்தேட்டி'. புதுச்சேரியில் தாவரவியலாளராக இருந்து 1870-இல் அங்கேயே காலமான பெரோத்தேயின் பெயர் அதற்கு. ஆனைமலை, பழனிமலைப் பக்கம் இருப்பது 'டிஸ்பார்'. 1864-இல் விலங்கியலாளர் குந்தர் பெயரிட்டது. அதற்கும் தெற்கே, எங்கள் பொதிகை மலைப் பக்கம் இருப்பது 'திராவன்கோரிகா'. 2020 வரை இதையும் 'டிஸ்பார்' என்றே எண்ணியிருந்தார்கள்.

ஏன் மூன்று? ஒரு வரைபடத்தை விரித்து மலைத்தொடரின் மேல் விரலை வடக்கிலிருந்து தெற்காக ஓட்டுங்கள். நீலகிரி முடிந்ததும் மலை சட்டென்று இறங்கிவிடும். அது பாலக்காட்டுக் கணவாய். ஆனைமலையில் மறுபடி ஏறி, செங்கோட்டைப் பக்கம் மறுபடி இறங்கும். கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டுக் காற்று வரும் வழியாகவும், தென்காசிக்காரர்களுக்குக் குற்றாலச் சாரல் வரும் வழியாகவும் இந்தக் கணவாய்களைத் தெரியும். குளிர்ந்த மலையுச்சியில் வாழப் பழகிய சிறு பாம்புக்கு, கீழே கிடக்கும் வெப்பமான தாழ்நிலம் கடல் மாதிரி. கடக்க முடியாது. ஒரே மூதாதையின் வழிவந்தவை கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாகத் தங்கிவிட்டன. இரு பக்கமும் சேர்ந்து குட்டி போடாத காலம் லட்சக்கணக்கான ஆண்டுகளாக நீளும்போது, சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து சேர்ந்து இரண்டு சிற்றினங்களாகிவிடும். சிற்றினம் எப்படிப் பிறக்கிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்குத் தொலைதூரத் தீவுகளைக் காட்டத் தேவையில்லை. நம் மலையிலேயே அந்தப் பாடம் எழுதியிருக்கிறது.

தீபகற்பத்துக்கு வெளியே வேகமாக ஒரு சுற்று. ஒடிசாவிலிருந்து 2019-இல் விவரிக்கப்பட்டது 'லாவுடங்கியா'. ஒடியா மொழியில் சுரைக்கொடித் தண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த உள்ளூர்ப் பெயரையே அறிவியல் பெயராக எடுத்துக்கொண்டார்கள், அது எனக்கு நிறைவாக இருந்தது. கிழக்கிந்தியாவில் இருக்கும் 'அனோமலா'வில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம். ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. கத்தரி ரகங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், நிறம் வேறு என்பதால் சிற்றினம் வேறாகாது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா முழுக்கப் பரவியிருப்பது 'பிரசீனா'. மியான்மரின் ஆற்றோரங்களில் 'ஃப்ரான்டிசிங்க்டா' என்று ஒன்று உண்டு. அது தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளையில் இருந்துகொண்டு மீன் பிடித்துத் தின்கிறது. பீகாரில் வால்மீகி புலிகள் காப்பகப் பக்கம் செத்துக் கிடந்த ஒரு பச்சைப் பாம்பின் மூக்கு வழக்கத்துக்கு மீறி நீளமாக இருக்கவே ஆராய்ந்து, 2024-இல் அதையும் புதுச் சிற்றினமாக அறிவித்தார்கள். இப்போதைக்கு இந்தப் பேரினத்தில் இருபதையொட்டிய சிற்றினங்கள்.

பொதிகையில் ஒரு பாட்டன்

அகத்தியமலைப் பகுதியில் ஒரு பச்சைப் பாம்பு கிடைத்தது. பார்த்த மாத்திரத்தில் பச்சைப் பாம்பு என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் முதுகுச் செதில்களின் நடுவே, அஹேட்டுல்லாவில் பொதுவாகக் காணாத ஒரு மேட்டுக்கோடு. மரபணுவைப் பார்த்தால் இது எந்தச் சிற்றினத்தோடும் சேரவில்லை. பேரினத்தோடேயே சேரவில்லை. மற்ற பச்சைப் பாம்புகளிலிருந்து இந்தக் கிளை பிரிந்து ஏறத்தாழ 2.6 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே 2019-இல் இதற்கென்றே புதுப் பேரினம் அமைத்து 'புரோஅஹேட்டுல்லா ஆன்டிகுவா' என்று பெயர் வைத்தார்கள். அஹேட்டுல்லாவுக்கு முந்தியது, பழமையானது என்று பொருள். புதுச் சிற்றினம் கிடைப்பது நம் மலைகளில் அடிக்கடி நடக்கிறது. இத்தனை பழைய கிளை, இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது அப்படியல்ல. பாட்டன் என்று நான் சொன்னாலும், சரியாகச் சொன்னால் இது பாட்டனின் தம்பி வழி வந்தது.

அஹேட்டுல்லாவின் மற்ற பங்காளிகளும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிகிறதா என்று பார்க்கும் என்று சொல்லப்படும் கொம்பேறி மூக்கன் ஒருவர். அவருக்கு மனிதரைக் கொல்லும் நஞ்சே கிடையாது. மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் பாயும் பறக்கும் பாம்பு இன்னொருவர். இந்தக் குடும்பக் கிளையே அந்தரத்தில் வாழ்கிற கூட்டம். பழியும் கூடவே வந்திருக்கிறது.

பச்சைப் பாம்பைப் பற்றி நல்ல விதமான நம்பிக்கையும் ஒன்று உண்டு. அதைப் பிடித்துக் கையால் உருவிவிட்டால் கைப்பக்குவம் வரும், சமையல் ருசிக்கும் என்பார்கள். அது பாம்புக்குப் பெரும் துன்பம். அத்தனை மெலிந்த உடம்பில் எலும்பும் உள்ளுறுப்பும் நசுங்கிவிடும். பெண் பாம்பு முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும், ஒரே ஈற்றில் பத்துக்கும் மேற்பட்ட குட்டிகள்கூட இருக்கலாம். சினைப் பாம்பை உருவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து செய்யாதீர்கள், யாரையும் செய்யவும் விடாதீர்கள்.

பச்சையாக இருந்தால் எல்லாமே பச்சைப் பாம்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. மலைப்பகுதியில், குறிப்பாக மூங்கில் புதர்களிலும் தேயிலை, காப்பித் தோட்டங்களிலும் பச்சை நிறக் குழிவிரியன் உண்டு. அதற்கு உடம்பு குட்டை, தடித்தது. தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். பாவை செங்குத்துக் கீற்று. பகலில் சுருண்டு கிடக்கும். கடித்தால் கடுமையான வலியும் வீக்கமும் வரும். மெலிந்த உடம்பும் படுக்கைப் பாவையும் உள்ளது அஹேட்டுல்லா, கட்டைத் தலையும் செங்குத்துப் பாவையும் உள்ளது விரியன். ஆனால் பாவையைப் பார்க்க வேண்டுமென்று அருகில் போகாதீர்கள். உடம்பின் தடிமனே தூரத்திலிருந்து போதுமான அடையாளம்.

உங்கள் வீட்டுச் செடியில் ஒன்று இருந்தால், அதை விரட்ட வேண்டிய அவசியம் இல்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகவே வேறு புதருக்குப் போய்விடும். நான்கடி தள்ளி நின்று பாருங்கள். முதலில் மூக்கு, பிறகு கண். வயிற்றோரமாக இருபுறமும் மெல்லிய வெளிர்மஞ்சள் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு கொப்பிலிருந்து இன்னொரு கொப்புக்குப் போகும்போது உடம்பில் பாதியைப் போல அந்தரத்தில் நீட்டி, பிடிமானமே இல்லாமல் கம்பி போல விறைப்பாக நிறுத்தும். அதைப் பார்க்க வாய்த்தால் உங்கள் அதிர்ஷ்டம். படம் எடுத்தால் ஊர்ப்பெயரைச் சேர்த்துக் குறித்து வையுங்கள். ஒரே பச்சை, ஒரே கூர்மூக்கு உள்ள பாம்புகளில் எந்தச் சிற்றினம் என்று முடிவு செய்ய, கணவாய்க்கு எந்தப் பக்கம் எடுத்த படம் என்பது பெரிய துப்பு.

மருதாணிச் செடி இன்னும் அங்கேதான் நிற்கிறது. போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது, மழை விட்ட நேரம், அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இலை நுனிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "மாமா, அங்க பாருங்க, ஒரு கொப்பு மட்டும் நாக்க நீட்டிட்டு இருக்கு."